சத்துத் தண்ணி

தண்ணீர் டிரம்மில் மருந்துப் பொடியைக் கொட்டி, நீளக் குச்சியால் கலக்கி, குழாயைத் திறந்துவிடுவதுதான் கோழிப்பண்ணையில் அவன் வேலை. அதைச் சத்து என்றுதான் மேனேஜர் சொல்வார். டப்பாவில் இருந்த பெயர் பார்த்துப் பார்த்தே மனதில் பதிந்திருந்தது. பண்ணைக்குள்ளேயே ஒற்றை அறையில் குடித்தனம். மதியம் பொடி படிந்த கையோடு ஓடிப்போய், புதிதாகப் பிறந்த மகளைத் தூக்கிக் கொஞ்சுவான்.

இப்போது அவள் ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிடந்தாள். பால் குடிக்கவில்லை, அழவும் இல்லை. ரத்தத்தில் கிருமி. கொடுத்த மருந்து எதுவும் கேட்கவில்லை, ஒன்றுதான் பாக்கி, அதை ஆரம்பிக்கிறோம், அதற்காவது கிருமி மசியுமா என்று லேப் முடிவு வந்தால்தான் தெரியும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போனார்.

நர்ஸ் தட்டில் கொண்டுவந்த குப்பியைப் பார்த்தான். அதே பெயர். போன உயிர் திரும்பியது.

"ஏய், இது நம்ம பண்ணைச் சத்துடி. தலை தொங்குன குஞ்சுகூட எந்திரிச்சு ஓடும்."

"கோழிக்குக் குடுக்கறதையா எம்புள்ளைக்குப் போடுறாங்க?" என்றாள் மனைவி.

"ரெண்டும் குஞ்சுதானே."

ஆஸ்பத்திரிக்கு வந்தபிறகு அப்போதுதான் அவள் சிரித்தாள்.

நர்ஸ் நின்றுவிட்டாள். "நோய் வந்த கோழிக்கா அண்ணே?"

"நோயெல்லாம் இல்ல சிஸ்டர். எல்லாத்துக்கும் தெனமும். சீக்கிரம் எடை போடும்ல."

நர்ஸ் அவன் கைகளைப் பார்த்துவிட்டுக் குப்பியோடு உள்ளே போனாள்.

சாயங்காலம் முடிவு வந்தது. இந்தக் கிருமி அந்த மருந்துக்கும் பழகிவிட்டதாம், இனி அதற்குச் சாகாதாம். எங்கிருந்து தொற்றியது என்று சொல்ல முடியாது, இந்த வார்டாகவும் இருக்கலாம், வேறு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துப் பார்ப்போம் என்றார் டாக்டரம்மா.

"பொறந்து ஒரு மாசம்கூட ஆகல. அதுக்குள்ள எங்க பழகுச்சாம்?" மனைவி அவனைத்தான் கேட்டாள். அவன் கைகளை அக்குளுக்குள் வைத்துக்கொண்டான்.

போன் அடித்தது. மேனேஜர். "புதுக் குஞ்சு இறங்கிருச்சு. சத்தைக் கலக்கிவிட்டுட்டுத் திரும்ப ஆஸ்பத்திரிக்கு ஓடிரு. முடியாதுன்னா ரூமைக் காலி பண்ணிட்டு ஒரேயடியாப் போ."

பண்ணைக் குழாயடியில் முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்தான். மறுபடியும் தேய்த்தான். பிறகு டப்பாவைத் திறந்தான்.

குழாய் திறந்ததும் குஞ்சுகள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு வந்து குடித்தன. ஒன்றுகூட நோஞ்சானாக இல்லை.