கதவோரத்து நாற்காலி

ஒரு ஆய்வகம், இரண்டு பெண்கள், நடுவில் ஒரு கதவு. பகை வளர வேறென்ன வேண்டும், கண்ணுகளா?

சின்னவள் ஆராய்ச்சிக்காரி. பெரியவள் அவள் கணவனின் அக்கா. அந்த ஆய்வகத்துச் சாமான்களுக்கும் சாவிக்கும் பொறுப்பு. தம்பியை முந்தானையில் முடிந்துகொண்டாளே என்று சின்னவள்மேல் அவளுக்கு ஆறாத எரிச்சல்.

சின்னவளின் வேலையைச் சொல்கிறேன். கண்ணாடிக் கிண்ணத்தின் அடியில், பிளாஸ்டிக்காக மாறும் சரக்கு கரைந்த, தண்ணீரோடு கலக்காத கனத்த திரவம். அதன்மேல் தங்க உப்பு கரைத்த தண்ணீர். இரண்டிலும் கம்பி இறக்கி மின்சாரம் விட்டால், இரண்டும் தொடுகிற இடத்தில் பிளாஸ்டிக்கும் பொடியிலும் பொடியான தங்கத் துகளும் சேர்ந்து பாலாடை போலப் படலம் கட்டும். இருபது நிமிடம் ஆகும். நடுவில் மேசை அதிர்ந்தால் சுருண்டு போகும்.

காலையிலிருந்து மூன்று படலம் போய்விட்டது. மூன்று தடவையும் பெரியவள் எதையோ எடுக்க வந்தாள். போகும்போது கதவு டமால்! பதினொரு மணிக்கு ஆய்வகத் தலைவர் வருவார். முழுப் படலம் ஒன்றைக் காட்டாவிட்டால் சின்னவளுக்கு இன்றோடு வேலை இல்லை.

“வேணும்னே கதவ அடிச்சுச் சாத்துறீங்க அண்ணி.”

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! உன் கை சரியில்ல, என் கதவுமேல பழியா?”

மணி பத்தரை. கெஞ்சினால் கதவை இன்னும் பலமாகச் சாத்துவாள்.

“சரி, கிளம்புங்க. நான் ஜெயிக்கிறத உங்களால உக்காந்து பாக்க முடியாது. வயிறு எரியும்.”

“எனக்கா? நீ மண்ணக் கவ்வுறத உக்காந்தே பாக்குறேன்டி!”

நாற்காலியை இழுத்துக் கதவோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள். அதன் பிறகுதான் சின்னவள் மின்சாரத்தைப் போட்டாள்.

பெரியவள் கண் கொட்டாமல் முறைத்தாள். வெளியே யாரோ கைப்பிடியைத் திருகியபோது, “அப்புறம் வா!” என்று விரட்டினாள், வேடிக்கை கெட்டுவிடக் கூடாதே.

திரவங்களுக்கு நடுவே ஊதா நிழல் விழுந்தது. கறுத்தது. ஓரம்வரை பரவியது. அடியில் முன்பே கிடத்தியிருந்த கண்ணாடித் துண்டைச் சின்னவள் இடுக்கியால் மெல்லத் தூக்கினாள். படலம் கிழியாமல் அதன்மேல் ஏறி வந்தது.

பெரியவள் கடிகாரத்தைப் பார்த்தாள். முதுகுக்குப் பின்னால் இருந்த கதவைப் பார்த்தாள்.

“அடிப்பாவி! என்னையே காவலுக்கு உக்கார வச்சிட்டியா?”

“தலைவர் வர்ற நேரம். நாற்காலிய நகர்த்துங்க அண்ணி.”

தலைவர் உள்ளே நுழைந்ததும் பெரியவள் வெளியேறி, கட்டிடமே அதிரக் கதவை அடித்துச் சாத்தினாள். கிண்ணத்துத் தண்ணீர் குலுங்கியது. கண்ணாடியில் ஒட்டிய படலம் அசையவில்லை.

“என்னம்மா சத்தம்?” என்றார் தலைவர்.

“எங்க அண்ணி சார். வாழ்த்திட்டுப் போறாங்க.”