பூஜ்யம் அளவுள்ள குளிர்காலம்

திறக்காத கோப்பு என்று உலகில் எதுவும் கிடையாது; திறக்கத் தெரியாத மனிதர்களே உண்டு. குவோப்பியோ பல்கலைக்கழக நூலகத்தின் கணினி உதவி மேசையில் மூன்று பருவங்கள் உட்கார்ந்து நான் கண்டடைந்த உண்மை இது. என் முன்னால் இரண்டு பேராசிரியர்கள் அழுதிருக்கிறார்கள். ஒருவர் தத்துவத் துறை என்பதால் அவரைக் கணக்கில் சேர்க்கவில்லை.

நூலகத்துக்கு அடிக்கடி வரும் ரைலியம்மா, ஜனவரியில் ஒருநாள் மதியம் மூன்று மணிக்கு என் மேசைக்கு வந்தார். ஜன்னலுக்கு வெளியே ஏரியும் வானமும் ஒரே நீலத்தில் கரைந்துகொண்டிருந்தன; மைனஸ் இருபத்துநான்கு டிகிரி குளிர். கம்பளிக் கையுறைக்குள்ளிருந்து ஒரு பென்டிரைவை எடுத்தவர், அதைத் தராமல் உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார்.

"கொஞ்சம் பொறு தம்பி. குளிர்ல வந்திருக்கு, சூடாகட்டும்."

"அடைகாக்குறீங்களா? குஞ்சு பொரிச்சதும் சொல்லுங்க."

அவர் சிரிக்கவில்லை. நிதானமாகச் செருகி, ஒரு கோப்பைத் தட்டினார். திரை முழுக்கக் கட்டங்களும் கேள்விக்குறிகளும் பனிபோலக் கொட்டின. அவர் திரைப்பக்கம் குனிந்து, "எந்திரி கண்ணு, விடிஞ்சிருச்சு," என்றார்.

"அதுக்குக் காது கிடையாது ரைலியம்மா. இப்படிக் கெஞ்சுறவங்கள நான் நோட்டுல எழுதி வச்சிருக்கேன். நீங்க நாப்பத்தொண்ணு."

"எழுதிக்க. முதல்ல இதத் திற."

அவருடைய தம்பி தைஸ்தோ, உறைந்த ஏரியின் மேல் கார்கள் ஓடும் பனிச்சாலைக்குக் காவலர். தினமும் பனியில் துளையிட்டுக் கனம் அளந்து, ஒரு குளிர்காலத்துக்கு ஒரு கோப்பாக எழுதிவந்தவர். போன பிப்ரவரியில் பக்கவாதம் வந்து விழுந்தார்; பேச்சு போய்விட்டது. எழுதியதை அவருக்கே படித்துக் காட்டினால் ஒரு வார்த்தையாவது திரும்பலாம் என்றிருக்கிறார்கள் மருத்துவமனையில். கோப்புகளின் பெயர்களை ரைலியம்மா ஒரு தாளில் எழுதிக் காட்டியபோது, தைஸ்தோவின் விரல் கடைசி வரியில் போய் நின்றதாம். தினமும் அங்கேயே நிற்கிறதாம்.

கோளாறு எளிது. புதுக் கணினி வாங்கியதும் தைஸ்தோ எல்லாக் கோப்புகளுக்கும் பெயரின் வாலை, அந்தப் புள்ளிக்குப் பின்வரும் எழுத்துகளை, மட்டும் மாற்றியிருக்கிறார், வாடகைக்கு வந்த வீட்டில் பெயர்ப்பலகை மாட்டியதும் வீடு தன்னுடையதாகிவிட்டதுபோல. பழைய வாலை ஒட்டினேன். குளிர்காலங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

*டிசம்பர் 3. பதினொரு சென்டிமீட்டர். கறுப்புப் பனி. அடியில் யாரோ தூக்கத்தில் புரண்டு படுக்கிறார்கள்.*

*மார்ச் 9. அறுபத்திரண்டு. நடு ஏரியில் ஒரு கார் நின்றது. நிற்கக் கூடாது. ஓட்டியவர் இறங்கி வானத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.*

ரைலியம்மா உதடசைத்துப் படித்தார். நான் என் நோட்டை மூடி வைத்தேன்.

கடைசிக் கோப்பு திறக்கவில்லை. அளவைப் பார்த்தேன்: பூஜ்யம். பூட்டே இல்லை, உள்ளே எதுவும் இல்லை. தேதி, பிப்ரவரி பதினொன்று.

"அன்னைக்குத்தான் விழுந்தான்," என்றார் ரைலியம்மா. "ஆம்புலன்ஸ் வாசல்ல நிக்குது. அடுப்ப அணைச்சேன், விளக்க அணைச்சேன், கம்ப்யூட்டர் ஏதோ சுத்திக்கிட்டே இருந்துச்சு, அதையும் அணைச்சேன். ஒரு வீட்ட அப்படியே விட்டுட்டுப் போக முடியுமா, சொல்லு."

"முடியாது."

"அதுனால ஒண்ணும் ஆகியிருக்காதுல்ல?"

சுற்றிக்கொண்டிருந்தது கோப்பைச் சேமிக்கத்தான்; பாதியில் அணைத்ததில் அந்தக் குளிர்காலம் முழுதும் போயிருந்தது.

"இது கொஞ்சம் நேரம் எடுக்கும். கீழ போயி ஒரு காபி குடிச்சிட்டு வாங்க."

அவர் கையுறையை மேசையிலேயே விட்டுவிட்டுப் படியிறங்கினார். தொலைவில் பனிச்சாலையில் ஒரு காரின் விளக்குகள் மெல்ல ஊர்ந்தன. பென்டிரைவைப் பிடுங்கினேன். கையுறைக்குள் வைத்து, அதை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டேன். வரிசையில் யாரும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு திரும்பச் செருகினேன்.

"எந்திரி கண்ணு," என்றேன், யாருக்கும் கேட்காத குரலில்.

திரையில் வட்டம் சுற்றத் தொடங்கியது. ஏரியின் நடுவில் அந்த விளக்குகள் நின்றன.