நீலத் துணி

பாலகணேஷ் பேனரின் கடைசி முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தான். "கண்ணீர் அஞ்சலி. முனைவர் சுந்தரவல்லி, மனநல ஆலோசகர்." மந்தைவெளி வீட்டு வாசலில் நின்று வைதேகி அதை இரண்டு தடவை படித்தாள். செத்த பிறகாவது அம்மாவின் படிப்பு இந்தத் தெருவுக்குத் தெரியட்டும்.

நாற்பது வருஷமாக அதே கேட்டில் தொங்கியது "தையல் வகுப்பு, பெண்களுக்கு மட்டும்" என்ற தகரப் பலகை. மனசு சரியில்லை, யாரிடமாவது பேச வேண்டும் என்றால் எந்த வீட்டில் விடுவார்கள்? தையலுக்கு என்றால் விடுவார்கள். அம்மா பலகையை மாட்டி, முன்னறையில் ஒரு மெஷினையும் போட்டாள். வந்தவர்கள் கையில் ஆளுக்கொரு துணி, வாயில் வீட்டில் சொல்ல முடியாத கதை. அம்மாவுக்குப் பட்டன் தைக்கக்கூட வராது. பள்ளிக்கூடத்தில் வைதேகிக்குத் தையல்காரி மகள் என்றே பேர் ஒட்டிக்கொண்டது. அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

அப்போதுதான் ஆட்டோவிலிருந்து சுலோச்சனா இறங்கினாள். தி.நகர் பாத்திரக்கடை அய்யாதுரையின் மனைவி. இருபது வருஷமாக வியாழக்கிழமை தவறாமல் வந்தவள். அய்யாதுரை ஆட்டோவுக்குள் குனிந்து மாலையை எடுத்துக்கொண்டிருந்தார். சுலோச்சனா பேனரைப் படித்தாள். அவள் முகம் வெளிறிவிட்டது.

"பாலா, அதைக் கழட்டு," என்றாள் வைதேகி.

"இப்பத்தானேக்கா கட்டுனேன்?"

"அப்பா பேர் விட்டுப்போச்சு. கழட்டுடா."

அப்பா பேர் வேண்டாம் என்று காலையில் சொன்னதே அவள்தான். சித்தி மகன் பாலா முறைத்துக்கொண்டே அவிழ்த்தான். அய்யாதுரை மாலையோடு நிமிர்வதற்குள் பேனர் சுருண்டுவிட்டது.

மாலையைப் போட்டுவிட்டு அவர் வைதேகியிடம் வந்தார். "இருபது வருஷமா டீச்சரம்மாகிட்ட அனுப்புதேன். இவளுக்கு இன்னும் ஒரு ஜாக்கெட் தைக்கத் தெரியலை."

"அம்மா யாரையும் அவசரப்படுத்த மாட்டாங்க. நிதானமாத்தான் சொல்லிக் கொடுப்பாங்க."

தலையாட்டிவிட்டு அவர் வெளியே நாற்காலிக்குப் போனார்.

சுலோச்சனா பையிலிருந்து நீலத் துணியை எடுத்தாள். முதல் வியாழன் கொண்டுவந்த அதே துணி. மடிப்பு நைந்திருந்தது, ஓரத்தில் நாலே நாலு தையல். அம்மாவின் கால்மாட்டில் வைத்தாள்.

அதில் ஊசி குத்தியபடியே இருந்தது. அம்மாவின் காலில் பட்டுவிடக் கூடாதென்று வைதேகி அதை உருவித் தன் முந்தானையில் செருகிக்கொண்டாள். வாசலில் இன்னொரு ஆட்டோ வந்து நின்றது.