கரிக்கோடு இல்லாத சுவர்

புது லயத்துச் சுவரில், கடப்பாரை முனையைப் பலகை இடுக்கில் கொடுத்து சன்னாசி நெம்பினார். பலகை கிரீச்சிட்டதே தவிர அசையவில்லை.

எதிரே பழைய லயத்து வரிசை வீட்டு வாசலில், அவருடைய இளைய மகன் முருகையாவைப் பெஞ்சியில் கிடத்திக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"யோவ் சன்னாசி, அங்க புள்ளயக் குளிப்பாட்டுறாங்க, ஒனக்கு இங்க என்னய்யா வேல?" தோட்டத்து ஆட்களை மேய்க்கும் மண்டோர் வந்து நின்றார். "ஆறு மணிக்கு ஊரடங்கு. நாலுக்குள்ள பொணத்த எடுத்தாகணும்லா."

"குளிப்பாட்ட ஆளு இருக்கு. செவத்தத் தொறக்கத்தான் ஆளில்ல."

"தொறந்து?"

"எம்புள்ள எப்படிச் செத்தான்னு பாக்கணும்."

"அதான் எஸ்டேட்டுக்கே தெரியுமே. கள்ளக் குடிச்சிட்டு கரண்டுல கைய வச்சான்."

முருகையா நேற்றுக் குடித்திருந்தது உண்மை. சன்னாசியும்தான் கூட உட்கார்ந்து குடித்தார். ஆனால் மழை பெய்கிறது என்று மண்டோர் சொன்னால்கூட, வெளியே கையை நீட்டிப் பார்க்காமல் அவர் நம்பமாட்டார். காலையில் மருமகள் தாயம்மா வேறு அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். "குடிகாரன்னுட்டாங்களே மாமா. அவரு வேலயில தப்பு இருக்காது மாமா. நீங்களாச்சும் பாருங்க."

மலாயாக் காட்டில் ஒளிந்து சண்டையிடும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகக்கூடாது என்று, லாபு பக்கம் சிதறிக் கிடந்த லயங்களையெல்லாம் முள்வேலிக்குள் கொண்டுவரச் சொல்லிவிட்டது பட்டாளம். அதற்காக அவசர அவசரமாக எழும்பியது இந்தப் புது லயம். கரண்டு லயம். பெரிய மகன் காத்தமுத்து தச்சு வேலை, சின்னவன் வயர் வேலை. இரட்டைப் பலகைச் சுவர், நடுவில் வயர் ஓடும். உள்பலகையை அடைக்குமுன் முருகையா ஒவ்வொரு வயரையும் விரலால் தடவிப் பார்ப்பான், இழுத்துப் பார்ப்பான், கட்டையின் ஓரத்துக்கு ஒதுக்கிக் கட்டுவான். ஆணி இறங்க வேண்டிய இடத்தில் ஒரு கரிக்கோடு போடுவான். கோடு இல்லாத சுவரில் அண்ணன் ஆணி அடிக்கக் கூடாது. அது அண்ணன் தம்பிக்குள் இருந்த பேச்சு.

நேற்று சாயங்காலம் கரண்டு இஞ்சினை ஓட்டிப் பார்த்தார்கள். பல்பு மாட்ட வந்த முருகையா, ஈர சிமிண்டுத் தரையில் வெறுங்காலோடு நின்று இந்தச் சுவரில் கையை ஊன்றினான். இஞ்சினை நிறுத்துவதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று. இன்றைக்கு ராத்திரி இதே வீடுகளில் சனங்கள் பிள்ளைகுட்டிகளோடு படுக்கப் போகிறார்கள்.

பலகை பிளந்துகொண்டு வந்தது.

உள்ளே கட்டையின் நட்டநடுவில் வயர் தொய்ந்து கிடந்தது. அதன் கறுப்பு ரப்பர் கிழிந்து செம்பு தெரிந்தது. கட்டையில் கரிக்கோடு இல்லை. சின்னவன் பார்க்குமுன்பே சுவரை அடைத்துவிட்டிருக்கிறார்கள். சன்னாசி மண்டோரைக் கூப்பிட வாயெடுத்தார்.

பலகையோடு வந்த ஆணியில் ரப்பர் துணுக்கு ஒட்டியிருந்தது. வயரைக் கிழித்த ஆணி; கரண்டு அதன் தலை வழியாகத்தான் வெளியே வந்திருக்கிறது. பிடுங்கிப் பார்த்தார். நுனி மழுங்கியிருந்தது.

பலகை பிளக்காமலிருக்க ஆணியின் நுனியைச் சுத்தியலால் தட்டி மழுக்கி அடிப்பது ஒரு சீனத் தச்சன் காட்டிக்கொடுத்த வழி. இந்த எஸ்டேட்டில் அப்படி அடிக்கிறவன் ஒருத்தன்தான்.

எதிரே காத்தமுத்து மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாகத் தம்பியின் நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டிருந்தான். பூசிய கையை எடுக்கத் தெரியாமல் அங்கேயே வைத்திருந்தான்.

"என்னய்யா கெடச்சுது?" என்றார் மண்டோர்.

சன்னாசி ஆணியை மடியில் செருகிக்கொண்டார்.

"சின்னவன் வயர் கட்டுனதுதான் சரியில்ல."

"நான் என்ன சொன்னேன்?"

"நீ சொன்னதுதான். இன்னிக்கு இஞ்சின் ஓடக் கூடாது. அத்தன செவத்தயும் தொறந்து பாக்கணும். பெரியவன் தொறப்பான்."

"தொரை ஏசுவாருய்யா!"

"ஏசட்டும். இன்னொரு பொணம் விழுந்தா அவரா தூக்குவாரு?"

தாயம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய்க்கரிசி போடும்போது அவர் அவள் பக்கம் திரும்பவில்லை.

வேலி கேட்டில் காவலர்கள் பாடையை இறக்கச் சொன்னார்கள். வெளியே ஒரு பிடி அரிசிகூடப் போகக்கூடாது. பிணத்தின் துணியை விலக்கிப் பார்த்தார்கள், தோளில் நீர்க்குடத்தோடு நின்ற காத்தமுத்துவைத் தடவிப் பார்த்தார்கள். பிறகு ஒரு மலாய்க் காவலன் சன்னாசியின் மடியைத் தடவி ஆணியை எடுத்தான். உள்ளங்கையில் வைத்து வெயிலில் புரட்டினான்.

காத்தமுத்து திரும்பிப் பார்த்தான். அவன் கண் ஆணியின் நுனியில் போய் நின்றது. பிறகு அப்பாவிடம் வந்தது.

காவலன் தோளைக் குலுக்கிவிட்டு ஆணியைத் திருப்பிக் கொடுத்தான். சன்னாசி அதை மறுபடி மடியில் செருகிக்கொண்டார்.

"நடப்பா. நேரமாவுது."

காத்தமுத்து நடந்தான். தோளில் குடம் நிலைகொள்ளாமல் ஆடியது. தண்ணீர் தளும்பித் தளும்பி அவன் முதுகில் வழிந்துகொண்டே போயிற்று.