தப்பான பக்கத்து வேலி

ஜூன் 18

காற்றைத் தடுக்கும் வேலியைத் தப்பான பக்கத்தில் கட்டிவிட்டேன். மாலை விவசாய வகுப்பில் வரைந்து காட்டிய படத்தில் அம்புக்குறி காற்று போகும் திசையைக் காட்டியது. நான் அதை வரும் திசை என்று படித்துவிட்டேன். இந்தக் காற்று மேற்கிலிருந்து வருவது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் படத்தை நம்பினேன். மேற்கு வரப்பில் நிற்க வேண்டிய சோளத்தட்டை வேலி கிழக்கு வரப்பில் நிற்கிறது.

அதற்கு அப்பால் சித்தப்பாவின் நிலம். காலையில் பார்த்தவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "ஏண்டா, உன் தங்கச்சி தும்பை விட்டுட்டு வாலைப் பிடிக்கிறா! இதுதான் படிச்ச வேலியா?"

அண்ணனும் சிரித்தான். எங்கள் நிலத்தின் வடபாதியை அவன் போன வாரம் சுத்தமாக உழுது கம்பு விதைத்தான். தென்பாதியில் போன அறுப்பின் அடித்தாள்களை அப்படியே விடும்படி கெஞ்சியிருந்தேன். சித்தப்பா அதற்கு 'பரட்டைத்தலை' என்று பெயர் வைத்திருந்தார். நாளை அவருடைய டிராக்டர் வந்து அதையும் உழுவதாகப் பேச்சு.

மதியம் முழுக்கக் காற்று. ஓய்ந்ததும் மூவரும் போய்ப் பார்த்தோம். பரட்டைத்தலைக்கு நேரே வேலியடி வெறுமையாகக் கிடந்தது. உழுத பாதிக்கு நேரே கணுக்கால் மூழ்கும் அளவுக்கு மண். அண்ணன் கையை விட்டு அள்ளினான். மாவு போன்ற மண்ணுக்குள் சிவப்பு மருந்து தடவிய எங்கள் கம்பு விதைகள்.

"பறக்கிறது ரோட்டுப் புழுதின்னுல்ல நினைச்சிட்டிருந்தேன்," என்றான்.

சித்தப்பா இப்போது சிரிக்கவில்லை. "வேலியைப் பிடுங்கும்மா. வருஷா வருஷம் என் நிலத்துக்கு வர்ற மண்ணு அது."

"எங்க மண்ணு, சித்தப்பா."

"காத்துக்கு ஏது பட்டா?"

"காத்துக்கு இல்ல, மண்ணுக்கு இருக்கு. பிடுங்க மாட்டேன்."

குரல் நடுங்கியது. நடுங்கவில்லை என்று எழுத ஆசைதான்.

அவர் அண்ணனிடம் திரும்பினார். "வேலி நின்னா டிராக்டர் வராது. சொல்லிட்டேன்."

அண்ணன் விதைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் துண்டில் முடிந்துகொண்டிருந்தான். "வர வேணாம், சித்தப்பா. பரட்டைத்தலை அப்படியே இருக்கட்டும்."

"டேய், வேலியே தப்பான பக்கம்டா!"

"ஆமா. அந்தப் பக்கமும் ஒண்ணு கட்டுறோம்."

நாளை: வேலியடி மண்ணைக் கூடையில் அள்ளி வடபாதியில் கொட்ட வேண்டும். பிறகு மேற்கு வரப்பில் வேலி. குழி தோண்டும் முன் அண்ணனிடம் திசை கேட்க வேண்டும்.