தம்பியின் பாக்கி, என் கார்டு

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில் என்மேல் பாசம் பொங்கினால், தம்பியின் கிரெடிட் கார்டு நிரம்பிவிட்டது என்று அர்த்தம். அந்தச் சனிக்கிழமை காலையில் அம்மா போன் செய்து "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். கொஞ்ச நேரத்தில் தம்பி கூப்பிட்டு, "அக்கா, ஒடம்பெல்லாம் எப்படி இருக்கு?" என்றான். அடுத்து தம்பி மனைவி, "அண்ணி, வீட்டுப் பக்கம் வந்து எவ்வளவு நாளாச்சு, மத்தியானம் வாங்களேன்" என்றாள். அவள் குரலில் மட்டும் கள்ளம் இல்லை.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அங்கே எனக்கென்று பொருத்தியிருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு நாளெல்லாம் தொண்டை வற்றக் கத்துகிற வேலை. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எனக்கு 'பிரேக் அக்கா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கத்துவது நான், கட்டணத்தில் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்வது முதலாளி. இதற்கொரு முடிவு கட்டத்தான், சொந்தமாக ஒரு பழைய கார் வாங்கக் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கேட்டிருந்தேன். புதன்கிழமை முடிவு சொல்வதாக இருந்தார்கள். "அதுவரைக்கும் உங்க பேர்ல புதுசா எந்தக் கடனும் ஏறக் கூடாதும்மா. ஏறினா ஃபைல் திரும்பிடும், அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்று அங்கிருந்த மேலாளர் அடித்துச் சொல்லியிருந்தார். அந்தக் காருக்காக நான் இரண்டு வருடமாக ஒரு நல்ல செருப்புகூட வாங்கவில்லை.

தம்பி வீடு மூன்றாவது மாடி. அம்மாவும் அவனோடுதான் இருக்கிறாள். அவன் விசேஷங்களுக்கு வீடியோ எடுப்பவன். கூடத்தில் கால் வைக்க இடமில்லாமல் கேமரா ஸ்டாண்டுகளும் விளக்குக் குடைகளும் நின்றன. பால்கனியில் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் ஒரு டிரோனைப் பிரித்துப் போட்டுக் காயவைத்திருந்தான். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையைச் சுற்றிப் பறந்தது, அப்படியே நீச்சல் குளத்தில் இறங்கிவிட்டதாம்.

"விலை என்ன?" என்று கேட்டேன்.

"அத விடு அக்கா. முதல்ல நல்ல சேதியக் கேளு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். "உன் கார்டுக்காரன் மத்த பேங்க்குப் பாக்கிய அவன் கணக்குக்கு மாத்திக்கிறான். ஒரு வருஷத்துக்கு வட்டி கிடையாது. மாத்துறதுக்குக் கட்டணம் நூத்துக்கு ரெண்டு. திங்கக்கிழமையில இருந்து அத அஞ்சாக்குறான். இன்னைக்கே மாத்திட்டா அந்த மூணும் நமக்கு லாபம்."

இந்த 'நமக்கு' என்ற வார்த்தையை நான் நன்றாக அறிவேன். பேச்சில் எல்லோரும் அதற்குள் இருப்போம். பணம் கட்டும் நாளில் நான் மட்டும்தான் இருப்பேன்.

"புதன்கிழமை என் கார் கடன் முடிவாகுது. இப்போ உன் பாக்கி என் பேர்ல ஏறினா அது போச்சு. தெரியுமா, தெரியாதா?"

"கார் எங்க ஓடிப்போகுது? அடுத்த வருஷம் வாங்கிக்கோயேன். எனக்கு இங்க வட்டி கழுத்த நெரிக்குதுக்கா."

அம்மா இந்த இடத்துக்காகவே காத்திருந்தவள் போலப் பேச்சில் புகுந்தாள். "உனக்கென்னடி, ஒத்த ஆளு. புள்ளையா குட்டியா? அவன் குடும்பஸ்தன்."

"ஒத்த ஆளுன்னா ஒத்தச் சம்பளம்மா. இங்க ரெண்டு சம்பளம் வருது."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கண்ணில் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், மேசைமேல் இருந்த என் போனை எடுத்துத் தம்பி வங்கிக்கு டயல் செய்துவிட்டான். ஸ்பீக்கரில் போட்டு சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தான். "சும்மா கேட்டுத்தான் பாரேன்" என்றான். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனாலும், சரி, எல்லார் காதிலும் விழட்டும் என்று போனைப் பிடுங்காமல் விட்டேன்.

இசை ஓடி, ஓய்ந்து, மறுபடி ஓடியது. தம்பி மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மருந்துக்கடையில் நின்றுகொண்டே வேலை பார்ப்பவள். சனிக்கிழமை மதியம்தான் அவளுக்குக் கால் நீட்டக் கிடைக்கும். கடைசியில் ஒரு பெண் குரல் வந்தது. என் பிறந்த தேதி, முகவரி எல்லாம் சரிபார்த்தது. பிறகு பாடம் ஒப்பிப்பது போல விதிகளைச் சொல்லத் தொடங்கியது.

"கொஞ்சம் நிறுத்துங்க. அந்தக் கட்டணத்த யார் கட்டணும்?" என்றேன்.

"உங்க கணக்குலயே சேர்ந்துடும் மேடம். தனியா கட்டத் தேவையில்ல."

"அதாவது கடன மாத்துறதுக்கு ஒரு கடன்."

"அப்படி இல்ல மேடம்…"

"ஒரு தவணை தப்பினா?"

"வட்டிச் சலுகை ரத்தாகிடும் மேடம். ஆனா நீங்க கவலப்படவே வேண்டாம். உங்களுக்கு நல்ல ரெக்கார்டு இருக்கு. ரெண்டு வருஷம் முன்னாடி இதே மாதிரி வேற பேங்க் பாக்கிய மாத்தி, முழுசா நீங்களே கட்டி முடிச்சிருக்கீங்க."

தம்பி சட்டென்று இருமினான். அவன் மனைவி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"எந்தப் பாக்கி அண்ணி?"

"இவன் லென்ஸ் வாங்கின பாக்கி. நாலு மாசம் கொடுத்தான், அப்புறம் கைய விரிச்சுட்டான். மிச்சத்த நான்தான் கட்டினேன். உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"அந்த லென்ஸ் கடனுக்குன்னுதானே ஒரு வருஷம் என் சம்பளத்துல பாதிய வாங்கினாரு?"

ஒரே பாக்கிக்கு நானும் கட்டியிருக்கிறேன், அவளும் கொடுத்திருக்கிறாள். அவள் கொடுத்த பணம் எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. அவள் திரும்பி, பால்கனியில் காய்ந்துகொண்டிருந்த டிரோனைப் பார்த்தாள். எனக்கு அவமானமாகவும் இருந்தது, அவளைக் கட்டிக்கொண்டு அழவேண்டும் போலவும் இருந்தது.

"நான் திருப்பிக் குடுக்கத்தான் இருந்தேன்" என்றான் தம்பி, யாரிடம் என்று இல்லாமல்.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?" என்றது போன். "இன்னைக்குப் பதிவு பண்ணினாத்தான் பழைய கட்டணம். இந்த அழைப்பு பதிவாகுது. மேல சொன்ன விதிகளுக்கு உங்களுக்குச் சம்மதமா? ஆமாம், இல்லைன்னு மட்டும் சொல்லுங்க."

அம்மா என்னைப் பார்த்து 'ஆமாம்' என்று தலையாட்டினாள். சின்ன வயதிலிருந்து இந்தத் தலையாட்டலுக்கு நான் பணிந்திருக்கிறேன். அவனுக்குப் புதுச் சட்டை என்றால் எனக்குப் பழையது, அவனுக்கு மேல்படிப்பு என்றால் எனக்கு வேலை. இப்போது முகம் தெரியாத ஒரு பெண் வந்துதான் என்னிடம் சம்மதமா என்று கேட்கிறாள். இந்த வீட்டில் அப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதே இல்லை.

"இல்லை" என்றேன்.

"காரணம் சொல்ல முடியுமா மேடம்? நான் இங்க பதிவு பண்ணணும்."

"நல்லாப் பதிவு பண்ணுங்க. இந்தக் கடன் என்னோடது இல்ல. நூத்துக்கு ரெண்டு கேட்டாலும், அஞ்சு கேட்டாலும், நீங்களே சும்மா மாத்திக் கொடுத்தாலும் எனக்கு வேண்டாம்."

போனை வைத்தேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு மூச்சு முழுதாக உள்ளே போனது.

"கூடப் பொறந்தவன இப்படி நட்டாத்துல விட்டுட்டியேடி!" என்று அம்மா ஆரம்பித்தாள்.

"அத்தை, கொஞ்ச நேரம் சும்மா இருங்க" என்றாள் தம்பி மனைவி. மாமியாரை அவள் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. அம்மாவும் பார்த்ததில்லை போலிருக்கிறது, திறந்த வாய் அப்படியே நின்றது. மருமகள் கணவன் பக்கம் கையை நீட்டினாள். "கார்ட எடுங்க."

"எதுக்கு?"

"எடுங்க."

அவன் எடுத்தான். அவள் அதன் பின்னாலிருந்த எண்ணைப் பார்த்துத் தன் போனில் அழுத்தினாள், ஸ்பீக்கரில் போட்டு அவன் முன்னால் வைத்தாள். "பாக்கியத் தவணையா பிரிச்சுக் கட்டுறேன்னு சொல்லுங்க. கார்ட மூடிடுங்கன்னு சொல்லுங்க. நாங்க ரெண்டு பேரும் கேட்டுக்கிட்டு இருக்கோம்."

தம்பி அவளைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், கடைசியில் வழக்கம்போல என்னைப் பார்த்தான். நான் எழுந்து கைப்பையை மாட்டிக்கொண்டேன். எனக்கு நாலு மணிக்கு வகுப்பு இருந்தது.

"வணக்கம். பேசுறது யாரு சார்?" என்று கேட்டது அந்தப் போன்.

நான் வாசல்வரை வந்து நின்றேன். போன் இன்னொரு முறை கேட்டது. தம்பி தொண்டையைச் செருமிக்கொண்டு தன் பெயரைச் சொன்னான்.