மூன்றாம் குலவை

பித்தளைக் குடம் தலையில் தளும்ப வேலுத்தாய் நடந்தாள். காலையில் இறந்துபோன அம்மா பிச்சையம்மாளைக் குளிப்பாட்ட எடுத்துவரும் நீர்மாலைத் தண்ணீர். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத் தெருமுனையில் சங்கு ஊதி முடித்ததும் மகள் மூன்று குலவை போட வேண்டும்.

“ஏட்டி, உனக்கு மூச்சு பத்தாது. உங்க மதினி போடட்டும்” என்றார் அண்ணன் ஐயாதுரை.

“எங்கம்மைக்கு நான் இருக்கையில மதினி எதுக்குண்ணே?”

பின்னால் வந்த அவள் கணவன் குருசாமிக்கு மச்சான் சொன்னதே சரி என்று பட்டது. முப்பத்துநான்கு வயதில் அவளுக்கு நுரையீரல் புற்றுநோய் வந்தது. பீடிப்புகையே ஆகாதவளுக்கு எப்படி வந்ததோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். தொண்ணூற்றிரண்டாம் வருடம் மதுரையில் ஒரு பக்க நுரையீரலில் பாதியை வெட்டி எடுத்தார்கள். இரண்டு வருடம் நன்றாக இருந்தாள். இப்போது ஒரு மாதமாக இருமல். ராஜபாளையம் வீட்டில் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் இருமுவாள். கேட்டால் மில் பஞ்சுத் தூசி என்பாள். எக்ஸ்ரே எடுக்க வேண்டிய நாளும் தாண்டிவிட்டது. “அம்மை படுக்கையில கெடக்கா, பொறவு பாப்போம்” என்றாள். அவன் வற்புறுத்தவில்லை. படத்தில் மறுபடியும் தெரிந்துவிடுமோ என்று அவனும்தான் பயந்தான். கிழவி இருவருக்கும் நல்ல சாக்காக இருந்தாள்.

சங்கு நின்றது. முதல் குலவை தெரு முழுக்கக் கேட்டது. இரண்டாவது பாதியில் உடைந்து இருமலாயிற்று. தண்ணீர் அவள் தோளில் சிந்தியது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மதினி குடத்துக்குக் கை நீட்டினாள்.

“தொடாதீங்க மதினி. இன்னும் ஒண்ணு இருக்கு.”

கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மூச்சை இழுத்து மூன்றாவதையும் போட்டாள். மெலிசாகத்தான் வந்தது, ஆனால் அறுபடவில்லை. குருசாமி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு ராஜபாளையம் திரும்பினார்கள். வந்ததும் பரணிலிருந்து பழைய எக்ஸ்ரே உறையை இறக்கித் தூசி தட்டினாள்.

“நாளைக்கு மொத வண்டிக்கு மதுரைக்குப் போறோம்.”

“பதினாறு முடியட்டுமே தாயி.”

“அது முடிஞ்சா வேற ஒண்ணு சொல்லுவோம். நீங்களும் சொல்லுவீங்க, நானும் சொல்லுவேன்.”

மறுநாள் பஸ் ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டும்போது அவளுக்கு இருமல் வந்தது. வாயைப் பொத்த முந்தானையைத் தேடவில்லை. பஸ் முழுக்கக் கேட்கும்படி இருமினாள். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். வேலுத்தாய் மடியில் சரிந்த உறையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள்.